சேதி தாமதமாக வரவில்லை

ஜூன் 19-ஆம் தேதி விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. தேதியின் மேல் அல்ல; அதை ஒட்டிச் சொல்லப்படும் கதையின் மேல்.

அமெரிக்காவில் அன்று தேசிய விடுமுறை. 'ஜூன்டீன்த்' என்று பெயர். 2021-இல் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டு அதைச் சட்டமாக்கினார். கதை இதுதான்: 1863 ஜனவரி 1-ஆம் தேதியே லிங்கன் கலகம் செய்த ராஜ்யங்களின் அடிமைகளை விடுவித்துப் பிரகடனம் செய்துவிட்டாராம். பாவம், டெக்ஸாஸ் தொலைவில் இருந்ததாம்! சேதி போய்ச் சேர இரண்டரை வருஷம் ஆயிற்றாம். 1865 ஜூன் 19-இல் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஜெனரல் கிரேஞ்சர் வந்து சொல்ல, அப்போதுதான் கறுப்பு மக்களுக்கு விஷயமே தெரிந்ததாம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கதையைக் கேட்டால், இதில் தப்பித்துக்கொள்கிறவன் யார் என்று பார்ப்பது என் தொழில் புத்தி. இந்தக் கதையில் குற்றவாளி யார்? தூரம்! தூரத்தை யார் கூண்டில் ஏற்றுவது?

யுத்தத்தின் நடுவிலும் மெக்ஸிகோ வழியாக ஐரோப்பாவுக்குப் பருத்தி அனுப்பிக் காசு பார்த்தவர்கள் டெக்ஸாஸ் எஜமானர்கள். அவர்களுக்கு லிங்கனின் பிரகடனம் மட்டும் காதில் விழவில்லையாம். அதுகூடப் போகட்டும். லூயிஸியானாவிலிருந்தும் மிஸிஸிப்பியிலிருந்தும் எஜமானர்கள் தங்கள் அடிமைகளை டெக்ஸாஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்களே, எதற்காக? வடக்கத்திப் படை வந்தால் அடிமைகள் கை நழுவிப் போவார்கள் என்றுதானே? சேதி தெரியாதவனா அப்படி ஓடுவான்? அடிமைகளிலும் பலருக்கு விஷயம் எட்டித்தான் இருந்தது. அன்று வந்து சேர்ந்தது சேதியல்ல, ஐயா. துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள்.

கிரேஞ்சரின் உத்தரவையும் முழுக்கப் படிக்க வேண்டும். முதலில் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள், சரிநிகர் சமானமானவர்கள் என்கிறது. அதே மூச்சில், இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்கிறது. ராணுவ முகாம்களில் வந்து கூடக் கூடாது, சோம்பிக் கிடந்தால் சோறு கிடையாது என்றும் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்குச் சோம்பலைப் பற்றி உபதேசம்! உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அதில் ஒரு வரி உபதேசம் இல்லை.

"ஜூலை 4 இருக்கும்போது இன்னொரு சுதந்திர தினம் எதற்கு? பிரிவினைதானே?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். படித்தவர், நல்லவர். அமெரிக்கக் காங்கிரஸிலும் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் 14 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 1776-இல் அந்தச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்ஸன் தம் ஆயுளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அந்த விழா அடிமைக்கு என்ன விழா என்று 1852-லேயே ராச்செஸ்டர் நகரத்து மேடையில் கேட்டுவிட்டார், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ். நண்பருக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

சர்க்கார் முன்பும் ஒரு நாள் குறித்தது. லிங்கன் 1865-இல் அடிமை ஒழிப்புத் திருத்தத்தில் கையெழுத்திட்ட பிப்ரவரி 1-ஆம் தேதியை தேசிய விடுதலை நாளாக 1948-இல் ஏற்றார்கள். இன்று அதை எத்தனை பேருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்ட நாள் மங்கிப் போயிற்று. ஜனங்கள் தாமாகக் கொண்டாடிய நாள் நின்றது. 1872-இல் ஹூஸ்டன் நகரத்தில் அந்த மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, இந்த விழாவுக்கென்றே 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அடிமைத்தனம் போய் ஏழே வருஷம். கையில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டெக்ஸாஸ் ராஜ்யம் அதை விடுமுறையாக்கியது 1980-இல்.

ஆகவே விடுமுறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன். 1862-இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது, தலைக்கு 300 டாலர் வரை நஷ்ட ஈடு கொடுத்தார்கள். யாருக்கு? எஜமானனுக்கு. டெக்ஸாஸிலோ, பிரகடனத்துக்குப் பிறகும் 1863, 1864 என்று இரண்டு வருஷப் பருத்தி எடுப்பு கூலியில்லாமலே நடந்து முடிந்தது. இன்று அந்த நாளில் அமெரிக்க சர்க்கார் ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு. அந்த இரண்டு வருஷப் பருத்திக்கான கூலி மட்டும் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படவில்லை.