மணி அடித்த நொடியிலிருந்து

கணக்கிலிருந்து ஒருவருக்குத் தெரியாமலே பணம் போய்விட்டால் அந்த நட்டத்தை யார் சுமப்பது? இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு விடை சொன்னது. வங்கி மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலைநாளுக்குள் தகவல் சொன்னவருக்கு ஒரு பைசா நட்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலைநாள்வரை தாமதித்தால், கணக்கின் வகையைப் பொறுத்து 5,000, 10,000 அல்லது 25,000 ரூபாய் என்ற உச்சவரம்புவரை அவர் தலையில் விழும். ஏமாந்துபோய் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டவர் கதை வேறு. வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது முழுக்க அவருடைய நட்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நட்டம்.

சிக்கல் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ‘சொன்ன பிறகு’ என்பது எந்த நிமிடம்?

பதறிப்போனவர் வங்கியின் இலவச எண்ணை அழைக்கிறார். தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறது பதிவுக்குரல். அட்டை எண்ணைக் கேட்கிறது. மீதித்தொகை அறிய ஒன்று, கடன் பற்றி அறிய இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நடுவில் புதிய கிரெடிட் கார்டு விளம்பரமும் வந்துபோகிறது. பிறகு இசை. ‘எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு அழைப்புகளில் இருக்கிறார்கள்.’ மீண்டும் இசை. கடைசியில் ஒருவர் எடுத்து, விவரம் கேட்டு, புகார் எண் கொடுத்து முடிப்பதற்குள் கணக்கில் இன்னும் இரண்டு பரிமாற்றங்கள் நடந்திருக்கலாம். வங்கியின் ஏடுகளில் தகவல் வந்த நேரமாகப் பதிவாவது புகார் எண் பிறந்த நேரமாகவே இருக்கக்கூடும்.

அழைப்பு வங்கியின் எண்ணில் விழுந்த நொடியே தகவல் சொன்ன நேரமாகக் கொள்ளப்பட வேண்டும். அதற்குப் பின் கணக்கை விட்டுப் போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. இந்த ஒரு திருத்தத்தை ரிசர்வ் வங்கி செய்தாக வேண்டும். இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2024ஆம் ஆண்டில் மட்டும் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகு, காத்திருப்பு நேரத்தைச் சில்லறை அசௌகரியமாகக் கருத இடமில்லை.

வாடிக்கையாளர் காத்திருப்பதைத் தவிர்க்க முடியாது என்று வங்கிகள் சொல்லும். அந்த வாதத்துக்கு நூறாண்டுகளுக்கு முன்பே பதில் எழுதியவர் டென்மார்க் கணிதவியலர் அக்னர் கிரருப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908இல் சேர்ந்த அவர், இத்தனை அழைப்புகள் வந்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதை நிகழ்தகவைக் கொண்டு கணக்கிட முனைந்தார். முதல் கட்டுரை 1909இல் வந்தது. இன்றும் கால் சென்டர்கள் பயன்படுத்தும் காத்திருப்புச் சூத்திரம் 1917இல். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கே அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கணினிப் பொறியியல் படித்தவர்கள் ‘பி.க்யூ.டி.’ (நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும்) என்று அலுத்துக்கொண்டு எழுதிய தாளில் இருந்தது இதே கணக்குதான். தேர்வு முடிந்ததும் அது பொறியியல் துறையின் வாசலைத் தாண்டுவதில்லை.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 200 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக மூன்று நிமிடம் ஆகிறது. பத்துப் பேர் இடைவிடாமல் பேசினால் தீரும் வேலை. ஆனால் அழைப்புகள் சீராக வருவதில்லை. ஒரு நிமிடம் வெறிச்சோடும், மறுநிமிடம் ஏழெட்டு ஒன்றாக வந்து விழும். அதனால் பத்துப் பேரை மட்டும் உட்காரவைத்தால் வரிசை முடிவில்லாமல் நீளும். பதினொருவர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். பதின்மூவர் இருந்தால் 17 நொடி. இரண்டே ஊழியர்களைக் கூட்டியதில் இரண்டு நிமிடம் பதினேழு நொடியாகச் சுருங்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் வாடிக்கையாளரைக் காக்கவைக்கலாம் என்பதை யாரோ ஒரு மேலாளர் ஊதியப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறார் என்பதே இதன் பொருள். அந்த முடிவின் விலையை மட்டும் இசை கேட்டுக்கொண்டிருப்பவர் கொடுக்கிறார்.

எல்லாம் கணினியில் பதிவாகிறதே, சேவைத்தரம் தானாகத் தெரியாதா என்று கேட்கலாம். இஸ்ரேலில் ஒரு சிறிய வங்கி, பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு, 1999ஆம் ஆண்டு முழுவதும் தன் கால் சென்டருக்கு வந்த அழைப்புகளின் பதிவை ஆய்வாளர்களிடம் கொடுத்தது. ஹைஃபாவின் டெக்னியன், அமெரிக்காவின் வார்ட்டன் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் அதை அலசி 2005இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. பத்து நொடிக்குள் முடிந்த அழைப்புகள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருந்தன. பத்து நொடியில் எந்த வங்கி வேலை முடியும்? ஊழியர்கள் சிலர் அழைப்பை எடுத்தவுடன் துண்டித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வங்கியின் பதிவேட்டில் அவையெல்லாம் சேவை பெற்ற அழைப்புகள். விஷயம் வெளிப்பட்ட பின், ஆண்டின் கடைசி இரு மாதங்களில் அந்தக் குவியல் வற்றிப்போனது.

இன்னொன்றும் தெரியவந்தது. காத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்த வங்கி இடையிடையே ஓர் அறிவிப்பை ஒலிக்கவிட்டிருந்தது. பொறுமை கூடும் என்பது எண்ணம். அறிவிப்பு ஒலித்த தருணங்களில்தான் அதிகம் பேர் போனை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வங்கிக்குள் இருந்தவர்கள் நாள்தோறும் பார்த்த எண்களில் இவை ஒளிந்திருந்தன. அழைப்புத் துண்டிப்பு, வாடிக்கையாளர்கள் பலர் புகார் செய்த பிறகுதான் வெளியே வந்தது. ஊழியர்களைத் திட்டுவதற்காக இதை இங்கே சொல்லவில்லை. ஆள் குறைத்து, அழைப்பு எண்ணிக்கையை மட்டும் அளக்கும் இடத்தில் மூச்சு வாங்க வேறு வழி இருந்திருக்காது.

இப்போது அந்த இடத்துக்குச் சாட்பாட்டும் பேசும் எந்திரமும் வருகின்றன. நிதித்துறையில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த, மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையிலான குழு 2025 ஆகஸ்ட்டில் அறிக்கை தந்தது. விசாரிக்கப்பட்ட 612 நிறுவனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகின்றன அல்லது உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. முன்னணிப் பயன்பாடுகளுள் ஒன்று வாடிக்கையாளர் சேவை.

எந்திரத்தை எதிர்ப்பதில் பயனில்லை. எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யோல்ஃப்சனும் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரு ஆய்வாளர்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சேவை ஊழியர்களின் வேலையை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரை, எந்திரம் பக்கத்தில் இருந்து பதில்களை எடுத்துக்கொடுத்தபோது ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின என்று கண்டது. புதிதாக வந்தவர்களிடம் இது 34 சதவீதம். அங்கே வாடிக்கையாளரோடு பேசியவர் மனிதர். எந்திரம் அவருக்குத் துணை. மனிதரையே எடுத்துவிட்டு எந்திரத்தை வைத்த ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், தன் சாட்பாட் 700 பேர் வேலையைச் செய்கிறது என்று 2024இல் மார்தட்டியது. மறு ஆண்டே, தரம் குறைந்துவிட்டதென்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டு மீண்டும் ஆளெடுக்கத் தொடங்கினார்.

ஏர் கனடா செய்தது இன்னும் வேடிக்கை. துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றி அதன் சாட்பாட் தவறான தகவல் சொல்ல, பயணி நட்டஈடு கேட்டார். சாட்பாட் தனக்கெனப் பொறுப்புள்ள ஒரு தனி அமைப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. பணத்தைக் கொடுக்கச் சொன்னது. தன் பெயரில் பேசும் எந்திரத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று ஆகிவிட்டால், தன் பெயரில் இசை ஒலிக்கவிட்டுக் காக்கவைக்கும் நேரத்துக்கும் அதுவே பொறுப்பாகாதா?

எர்லாங்கின் கணக்கில் சாட்பாட்டைப் பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. மீதித்தொகை, கிளை முகவரி போன்ற எளிய கேள்விகளை எந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆளிடம் வந்து சேர்பவை சிடுக்கானவை, நீளமானவை. வேலை குறைந்துவிட்டதென்று ஆளையும் குறைத்துவிட்டு, அழைப்பின் நீளம் கூடியதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன பதினொருவர், மணிக்கு 200 அழைப்பு என்ற அதே நிலையில், சராசரிப் பேச்சு மூன்று நிமிடத்திலிருந்து மூன்றேகால் நிமிடமானால் போதும். யாரும் போனை வைக்காமல் பொறுத்திருந்தால் சராசரிக் காத்திருப்பு 18 நிமிடத்தைத் தாண்டிவிடும். கால் நிமிடத்தின் கைங்கரியம் அது. பொறியியல்காரருக்கு இந்தச் சூத்திரம் தெரியும், நட்டம் யாருக்கு என்ற விதி தெரியாது. நிதி படித்தவருக்கு விதி தெரியும், சூத்திரம் தெரியாது. சாட்பாட் செய்பவரோ எத்தனை பேரை ஆளிடம் போகவிடாமல் தடுத்தோம் என்பதை வெற்றியாக எண்ணுகிறார். மூன்று துறையும் ஒரே அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆய்வு இது.

எதிர்ப்பு வரும். அழைத்ததாகப் பொய் சொல்லிப் பணம் கேட்பார்கள் என்பது முதல் ஆட்சேபம். பதிவு செய்த கைபேசியிலிருந்து வந்த அழைப்பின் நேரம் நொடி சுத்தமாகத் தொலைபேசி நிறுவனத்திடமும் வங்கியிடமும் இருக்கிறது. பரிமாற்றத்தின் நேரமும் இருக்கிறது. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே 2017 சுற்றறிக்கை சொல்லிவிட்டது. செலவு என்பது இரண்டாவது. பெரிய வங்கிகளிடம் இந்த வாதம் எடுபடாது. கூட்டுறவு வங்கிகளுக்கும் ஊரக வங்கிகளுக்கும் உண்மையிலேயே சுமைதான். அவை சேர்ந்து ஒரு பொது மோசடிப் புகார் மையத்தை நடத்த ரிசர்வ் வங்கி வழிசெய்து கொடுக்கலாம். 1930 என்ற அரசு உதவி எண் இருக்கிறதே என்றால், இருக்கட்டும்; சொந்த வங்கியின் கடமை அதனால் கழிந்துவிடாது.

கைபேசி நிறுவனங்களுக்கு இத்தகைய வரம்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முன்பே விதித்துக் காட்டியிருக்கிறது: ஆளோடு பேச விரும்பும் அழைப்புகளில் 95 சதவீதத்துக்கு 90 நொடிக்குள் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ரீசார்ஜ் பற்றிக் கேட்பவருக்கு உரியது, வாழ்நாள் சேமிப்பு கரைந்துகொண்டிருப்பவருக்கும் உரியதுதான். மோசடிப் புகாருக்கான தேர்வு முதல் பட்டியலிலேயே, மொழித் தேர்வுக்கு அடுத்ததாக, வர வேண்டும். அதைத் தொட்டதும் கணக்கை முடக்கும் வசதியை எந்திரத்திடம் விடலாம். எந்திரம் சிறப்பாகச் செய்யக்கூடிய வேலை அது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிகளின் பேச்சை எழுத்தாக்கும் கருவிகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பதற்றத்தில் மதுரைத் தமிழிலோ கொங்குத் தமிழிலோ பேசுபவரை அவை எவ்வளவு புரிந்துகொள்கின்றன என்று சோதிக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம். உண்மையான வாடிக்கையாளரின் உண்மையான பணத்தில் அந்தச் சோதனை நடக்கக் கூடாது.

அதற்கு வங்கிகளின் தரவு வேண்டும். இஸ்ரேல் வங்கி தந்ததைப்போல, பெயரும் எண்ணும் நீக்கிய அழைப்புப் பதிவுகளைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு வைத்திருக்கிறது; தனியுரிமையைச் சாக்காகக் காட்ட முடியாது. முதல் படியாக, மோசடிப் புகார் அழைப்பு வந்ததற்கும் கணக்கு முடக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை ஒவ்வொரு வங்கியும் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிடட்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் இன்னொரு சுற்றறிக்கை போதும்.