இறங்கும் முழங்கால்
முப்பது செ.மீ. உயரப் பெட்டி, இரண்டு கேமரா. குதித்து இறங்கும் சோதனைக்கு இவை போதும். பெட்டியிலிருந்து தன் உயரத்தில் பாதித் தூரம் முன்னே குதிக்கும் வீரர், கால் ஊன்றிய வேகத்திலேயே நேர்மேலே எம்ப வேண்டும். முன்னாலும் பக்கவாட்டிலும் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, 17 கேள்விகளால் பிழை எண்ணுவார்கள்: முழங்கால் உள்ளே சாய்கிறதா, மடங்காமல் விறைக்கிறதா, ஒரு பாதம் முந்துகிறதா? 2009-இல் ஆய்வாளர் பாதுவாவின் குழு அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களிடம் சோதித்து வெளியிட்ட முறை இது. மதிப்பெண் கூடக் கூட இறங்குமுறை மோசம். முழங்காலின் ஏ.சி.எல். ஜவ்வு கிழியும் என்று அந்த மதிப்பெண் அடித்துச் சொல்லாது. காயத்தை முன்கூட்டிக் காட்டுமா என்பதில் ஆய்வு முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கோவை வ.உ.சி. பூங்கா பக்கம் கூடைப்பந்து ஆடும் சிறுமி, ரீபவுண்ட் பிடித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிவது செல்போன் படத்திலேயே தெரியும். கொங்குப் பள்ளிகள் போட்டிக் காலத்துக்கு முன்பே இதைப் பார்த்து, மெத்தென்று இறங்கப் பழக்க வேண்டும்.