மிச்ச உணவைக் கொட்டிவிடாதீர்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விருந்து சாப்பிட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு கூட்டமாக வருவார்கள். மல மாதிரி எங்களிடம் வருவதற்குள் ஆன்டிபயாடிக் ஏற்றியாகியிருக்கும். மண்டபத்தில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ‘ஃபுட் பாய்சன்’ என்று எழுதி அனுப்பிவிடுவோம். எந்த உணவு, எந்தக் கிருமி என்பது கடைசிவரை தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2017 நடுவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகள் பலருக்கு லிஸ்டீரியா தொற்று இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். பொல்லாத கிருமி அது. ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். சாப்பிட்டு வாரக்கணக்கில் கழித்தும் நோய் வரும். போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளின் மரபணு வரிசையை, ஒவ்வொன்றிலும் சுமார் 30 லட்சம் எழுத்துகளை, தேசியத் தொற்றுநோய் நிறுவனம் வாசித்தது. பெரும்பாலோரிடம் இருந்தது எஸ்டி6 என்ற ஒரே வகை. அப்படியென்றால் ஊற்றுக்கண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எது?

2018 ஜனவரியில் சோவெட்டோவின் மழலையர் காப்பகம் ஒன்றிலிருந்து குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். மருத்துவர்கள் உணவைச் சந்தேகப்பட்டதும், சுகாதார ஆய்வாளர்கள் காப்பகத்துக்கே போய் ஃபிரிட்ஜிலிருந்த போலனியை எடுத்து வந்தார்கள். சமைக்காமலே ரொட்டிக்குள் வைத்துத் தின்னும் மலிவான இறைச்சி அது, ஏழைப் பிள்ளைகளின் உணவு. அதிலும் எஸ்டி6. தடம் பொலொக்வானே நகரின் தொழிற்சாலையில் போய் நின்றது. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சரே அதை அறிவித்தார். சரக்கு திரும்பப் பெறப்பட்டது, நோயும் சரிந்தது. அதற்குள் 1,060 பேருக்குத் தொற்று, 216 பேர் மரணம். பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள்.

அந்த ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்த ஆய்வாளரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். அவர் போகாமல் இருந்திருந்தால், வாசித்த எழுத்துகளை ஒப்பிட எதுவுமே இருந்திருக்காது.

மரபணுவை வாசிக்கும் கருவி நம்மிடமும் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2021இல், சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் தமிழக அரசே மரபணுப் பகுப்பாய்வுக் கூடத்தைத் திறந்தது. நோயாளியின் மாதிரி ஒரு துறைக்கும் உணவு மாதிரி இன்னொரு துறைக்கும் போய்த் தனித்தனிக் கோப்பில் முடங்கக் கூடாது. இரண்டிலும் வளரும் கிருமிகள் அந்தக் கூடத்துக்கே ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். அரசு இதை ஆணையாகவே போட வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் நாலு பேர் ஒன்றாக வாந்தி, வயிற்றுப்போக்கில் படுத்தால் மிச்ச உணவைக் கொட்டாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மல மாதிரி எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.