இதய ஆபரேஷன் முடிஞ்சாச்சு... மனசுக்கு எப்போ சிகிச்சை?

“குழந்தைக்கு ஹார்ட்ல ஓட்டை இருக்கு.” எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் இப்படிச் சொன்ன பிறகு, அவர் பேசுவது எதுவும் பல பெற்றோரின் காதில் ஏறுவதில்லை. அடுத்த வரியே ‘சரி செஞ்சிடலாம்’ என்பதாக இருந்தாலும்கூட!

உலக அளவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் சுமார் 8 முதல் 9 பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே சிகிச்சை தேவைப்படும். ஆபரேஷனைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த வீட்டில் இருப்பவர்களின் மனநிலை?

பெற்றோருக்கு என்ன ஆகிறது?

தீவிர இதயக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க இதய சங்கத்தின் இதழில் 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. அந்தப் பெற்றோரில் 30 சதவீதம் பேர் வரை ‘பிடிஎஸ்டி’ எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பின் அறிகுறிகளுடன் இருந்தார்கள். போர், பெரிய விபத்து போன்றவற்றில் தப்பியவர்களிடம் காணப்படும் அதே பாதிப்புதான் இது. 25 முதல் 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கவலைப்படும் அளவில் இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ‘ஃபாலோ டெட்ராலஜி’ என்ற குறைபாடுள்ள குழந்தை, அழும்போது திடீரென நீலம் பாரித்துப் போகலாம். அதை ஒருமுறை பார்த்த அம்மா, குழந்தையை அழவிடவே பயப்படுவார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், நள்ளிரவில் எழுந்து மூச்சு வருகிறதா என மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார்.

பழி யார் மீது?

“மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்ட?”, “கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?” கேள்விகள் எல்லாம் அம்மாவை நோக்கியே வரும். உண்மையில், பெரும்பாலானவர்களுக்கு ‘இதுதான் காரணம்’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. மரபணு மாற்றம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், கர்ப்பகாலத்தில் வரும் ரூபெல்லா தொற்று, சில மருந்துகள் ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களிலேயே இதயத்தின் அடிப்படை வடிவம் உருவாகிவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதே அந்தச் சமயத்தில்தான்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதும் அபாயத்தைக் கூட்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்தத் திருமணம் இரு குடும்பங்களும் சேர்ந்து எடுத்த முடிவு. பழி மட்டும் ஏன் ஒருத்தருக்கு?

குழந்தை வளர்ந்த பிறகு?

“ஓடாத, குதிக்காத” என்பதில் தொடங்குகிறது. விளையாடலாம் என டாக்டரே அனுமதித்த பிறகும், பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காரும் குழந்தைகள் உண்டு. பெண் குழந்தை என்றால் நெஞ்சில் உள்ள தழும்பு கல்யாணக் கவலையாகிவிடும். “யார்கிட்டயும் சொல்லிடாத” என்று வளர்க்கப்படும் பிள்ளை, தன் உடம்பே மறைக்கவேண்டிய ஒன்று என நினைத்துக்கொள்கிறது.

பிறவி இதயக் குறைபாட்டுடன் வாழும் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் வரை மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கலாம் என அமெரிக்க இதய சங்கத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. இதய சிகிச்சைக் குழுவிலேயே மனநல நிபுணரும் இருக்கவேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

மறைப்பதில் மருத்துவ ஆபத்தும் இருக்கிறது. சிறுவயதில் ஃபாலோ ஆபரேஷன் செய்தவர்களில் பலருக்கு, பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் வால்வை மாற்றவேண்டி வரலாம். தனக்கு என்ன குறைபாடு என்றே தெரியாத 20 வயது இளைஞர் செக்கப்புக்கு எப்படிப் போவார்?

நம் திட்டங்களில் இடம் இருக்கிறதா?

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகிறார்கள். தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இதய அறுவை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் இவை. அடுத்த படி பெரிய செலவு பிடிப்பதல்ல. மறுபரிசோதனைக்குக் குழந்தையோடு பெற்றோரும் வந்தே தீருவார்கள். அன்றே “நீங்க தூங்குறீங்களா?” என்று அவர்களிடமும் கேட்டு, தேவைப்பட்டால் ஆலோசகரிடம் அனுப்பலாம்.

இப்போதே என்ன செய்யலாம்?

* குறைபாட்டின் பெயர், எந்த விளையாட்டு ஓகே, அடுத்த செக்கப் எப்போது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கேட்டுக்கொள்ள இன்னொருவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

* தழும்பு எப்படி வந்தது என்பதைப் பிள்ளைக்கு அதன் வயதுக்கேற்ற வார்த்தையில் சொல்லுங்கள்.

* தூக்கமின்மை, அழுகை, பதற்றம் தொடர்ந்தால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

* நீங்கள் உறவினரா, நண்பரா? “எல்லாம் சரியாயிடும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். “இன்னிக்கு ராத்திரி குழந்தைய நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு” என்று சொல்லிப் பாருங்கள்.