கன்னத்தில் ஒதுங்கிய இட்லி

பக்கவாத சிகிச்சை முடிந்து அப்பா வீடு திரும்பிய பதினோராவது நாள். வாயிலிருந்து வந்த வாடையைப் பொறுக்க முடியாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, காலையில் ஊட்டிய இட்லி ஒதுங்கிக் கிடந்தது. கூடவே கரையாத அரை மாத்திரை. மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதாக நம்பியிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைபட்டதில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. அதே பக்கத்துக் கன்னமும் மரத்துப்போயிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சோறு அங்கே தங்குவது அவருக்கே தெரியாது. பல் வலித்தால் சொல்லவும் முடியாது, தட்டைத் தள்ளிவிடுவார். பிடிவாதம் பிடிக்கிறார் என்று கோபித்துக்கொண்டோம். அறுபது வருடம் வலக்கை விரலால் பல்பொடி தேய்த்தவர், இடக்கையில் பிரஷைப் பிடிக்கத் தெரியாமல் திகைத்தார்.

அடுத்த மாதமே காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா. மருத்துவர் முதலில் கேட்டது, "வாயை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?" என்றுதான். விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு, வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 1999இல் 'லான்செட்' இதழில் வெளியானது. வாய்ப் பராமரிப்பு கிடைக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. சாப்பாட்டுக்குப் பின் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் அது 11 சதவீதம்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இது அன்றாட வழக்கம். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, எதிரே கண்ணாடி வைப்பேன். தலை அண்ணாந்திருக்கக் கூடாது. சற்றே குனிந்திருக்க வேண்டும். மென்மையான பிரஷின் காம்பில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன். பற்பசை துளியளவுதான். இடக்கையால் அவரே துலக்குவார். விட்டுப்போன வலப்பக்கத்தை நான் துலக்குவேன். கொப்பளிக்கச் சொன்னால் புரையேறுகிறது. அதனால் ஈரத்துணி சுற்றிய விரலைப் பற்களுக்கு நடுவே விடாமல், கன்னத்தின் ஓரமாகவே விட்டுத் துடைக்கிறேன். இரவில் பல் செட்டைக் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டுவைக்கிறேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் டார்ச் அடித்துக் கன்னத்தைப் பார்க்கிறேன்.

இதில் காசு செலவாகும் விஷயம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மருத்துவமனையை விட்டு வரும்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொடுத்தனுப்பிய தாளில் மாத்திரைகள் இருந்தன, கை கால் பயிற்சிகள் இருந்தன. வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் கிடப்பவரின் கையையும் காலையும் நீட்டி மடக்கும் அந்த நேரத்தில், ஐந்து நிமிடம் அவர் வாயையும் பார்க்க வேண்டும். பல் துலக்கிவிடும் முறையை வீட்டாருக்குச் செய்துகாட்ட வேண்டும். பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு மருத்துவமனையும் அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'சாப்பிட்டதும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தைத் திறந்து பாருங்கள்.' அந்த ஒரு வரி முதல் நாளே கையில் இருந்திருந்தால், பதினோரு நாள் நான் பார்க்காமல் இருந்திருக்க மாட்டேன்.