காற்றாலையில் சாகும் வௌவால்கள்: டி.என்.ஏ. ஆய்வு எதற்கு?

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கண்ணில் படும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இந்தப் பகுதியில் நிலக்கரிச் சாம்பல் படிந்ததற்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. அப்படியென்றால் காற்றாலை மின்சாரம் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால், அதிலும் கவனிக்காமல் விட்ட ஒரு பிரச்சினை இருக்கிறது: வௌவால்கள்.

வௌவாலுக்கு என்ன ஆகிறது?

கீழேயிருந்து பார்த்தால் காற்றாலை மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும். இறக்கை நுனியின் வேகமோ மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். எதிரொலியை வைத்து இருட்டில் பறக்கும் வௌவாலுக்கே தப்பிப்பது கஷ்டம். வட அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் சாகின்றன.

இந்தியாவிலும் இது நடக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதிக் காற்றாலைகளில் வௌவால்கள் அடிபட்டு இறந்ததை, கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையத்தின் ஆய்வாளர்கள் 2013இல் பதிவு செய்தார்கள்.

பெரும்பாலான வௌவால் இனங்கள் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அதனால் எண்ணிக்கை சரிந்தால் மீண்டு வர ரொம்ப காலம் ஆகும்.

டி.என்.ஏ. எதற்கு?

காற்றாலைக்கு அடியில் கிடைப்பது பல நேரம் அழுகிய உடல், இல்லையென்றால் நாய் தின்ற மிச்சம். பார்த்து இனம் சொல்ல முடியாது. இறக்கைத் தோலில் சிறு துண்டு இருந்தாலே டி.என்.ஏ. மூலம் என்ன இனம், ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013, 2016 ஆய்வுகளில் இதைச் செய்து காட்டினார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. வௌவால்களைப் புலி மாதிரி கேமரா வைத்து எண்ண முடியாது. ஓர் இனத்தின் மரபணுக்களில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்த்தால், அதன் கூட்டம் பெரிதா சிறிதா என ஊகிக்கலாம். 100 வௌவால் செத்தது என்பது லட்சத்தில் நூறா, ஆயிரத்தில் நூறா என்று தெரிந்தால்தானே ஆபத்து எவ்வளவு என்று புரியும்?

தீர்வு இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் குறைவு. காற்று மெதுவாக வீசும் இரவுகளில்தான் வௌவால்கள் அதிகம் பறக்கும். அப்போது மின் உற்பத்தியும் குறைவு. காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தைத் தொடும்வரை இறக்கையைச் சுழலவிடாமல் வைத்தால் போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இப்படிச் செய்தபோது இறப்பு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்டு மின் உற்பத்தியில் இழப்பு 1 சதவீதத்துக்குள்தான்.

தமிழ்நாட்டுக்கு இப்போது ஏன் முக்கியம்?

நம் மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். முப்பந்தல் போன்ற இடங்களில் உள்ள பழைய, சின்ன காற்றாலைகளை எடுத்துவிட்டு உயரமான, பெரிய இறக்கை கொண்டவற்றை வைக்க 2024இல் அரசு கொள்கை அறிவித்தது. ஆனால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் காற்றாலை இடம்பெறவில்லை. அதாவது, வௌவால் எத்தனை சாகிறது என்று திட்டம் தொடங்கும் முன் கேட்கவேண்டிய கட்டாயம் அந்த அறிவிக்கையில் இல்லை. பழந்தின்னி வௌவால்களையே பல ஆண்டுகள் 'தீங்குயிர்' பட்டியலில் வைத்திருந்த சட்டம், அந்தப் பட்டியலை 2023 ஏப்ரலில்தான் கைவிட்டது.

பெரிய காற்றாலை வருவதற்கு முன்பே கணக்கெடுப்பைத் தொடங்கினால்தான் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். காற்றாலை அடியில் வாரம் ஒருமுறை தேடுவது, கிடைத்த உடலில் இருந்து தோல் மாதிரி எடுத்து வைப்பது, மெல்லிய காற்று வீசும் இரவுகளில் சில காற்றாலைகளை நிறுத்திப் பார்ப்பது: இந்த மூன்றும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குள் அடங்கும் வேலைகள். வௌவால் ஆய்வில் பல பத்தாண்டு அனுபவமுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கேயே இருக்கிறது. நிலக்கரியைக் குறைக்கக் காற்றாலை வேண்டும். அது வௌவாலைக் கொல்லாமல் ஓடவும் வழி இருக்கிறது.