பிழை பிள்ளையில் இல்லை, எங்கள் பாமினியில்

ஒரு சொல்லைத் தெரிவுசெய்ய எந்த விசைகள்? கொன்ட்ரோல், ஷிஃப்ட், வலது அம்புக்குறி. பத்தாம் தரப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். நாங்கள்தான் பாடமாக்க வைத்தோம். வினாத்தாளில் கேட்டுப் புள்ளியும் போட்டோம்.

அதே பிள்ளை கணினி அறையில் ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறந்து, 'அம்மா' என்ற சொல்லுக்கு முன்னால் நின்று அந்த விசைகளை அழுத்துகிறது. 'அம' மட்டும் தெரிவாகிறது. இன்னொரு தரம் அழுத்தினால் புள்ளி. மூன்றாம் தரம்தான் 'மா'. "சேர், எனக்குப் பிழைக்குது" என்கிறது. நாங்கள் என்ன சொல்கிறோம்? "மவுஸால இழுத்து எடு."

பிழை பிள்ளையில் இல்லை. அந்தக் கட்டுரையைப் பாமினியில் அடித்துக் கொடுத்த எங்களில்தான்.

திரையில் 'அம்மா' என்று தெரிகிறது. கணினிக்குத் தெரிவதோ ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, பிறகு கே, எச். அரைப்புள்ளி வந்தால் சொல் முடிந்தது என்றுதான் வேர்ட் எடுத்துக்கொள்ளும். எங்கள் மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் அதற்கு அரைப்புள்ளி! 'கொ' என்ற ஓரெழுத்தும் பாமினியில் மூன்று துண்டு. ஷிஃப்ட்டோடு அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் கொம்பு மட்டும் கையில் வரும். யுனிகோட்டில் 'கொ' ஒரே எழுத்தாகத் தெரிவாகும், 'அம்மா' ஒரே சொல்லாகத் தெரிவாகும்.

நம்பாவிட்டால் உங்கள் சென்ற தவணை வினாத்தாளைத் திறந்து, கொன்ட்ரோல் ஏ அழுத்தி, எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். பாமினியில் அடித்ததென்றால் ஒரு தமிழ் எழுத்தும் மிஞ்சாது. சைவநெறி வினாத்தாளும் அப்படித்தான், எங்கள் இஸ்லாம் வினாத்தாளும் அப்படித்தான்.

யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. இலங்கைக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்த் தரம் 2008இல் வந்தது. இன்னும் நாங்கள் பாமினியை விடவில்லை.

"கை பழகிவிட்டது" என்பார்கள். பழகிய கையை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டரில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. அதே விரல், அதே விசை. விழுவது மட்டும் யுனிகோட். பழைய வினாத்தாள்களை மாற்ற இணையத்தில் பாமினி – யுனிகோட் மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தினால் போதும்.

"பிறின்ட் எடுத்தால் எல்லாம் ஒன்றுதானே" என்பார்கள். தாளில் ஒன்றுதான். ஆனால் பிள்ளை படிப்பது கணினியில். வன்னியில் எத்தனையோ பிள்ளைகள் தொட்டுப் பழகும் ஒரே கணினி பாடசாலையில் உள்ளதுதான். கிடைக்கும் அந்தப் பாடவேளையில் ஆங்கில வசனத்தில் எல்லாம் வேலை செய்கிறது, தமிழ் வசனத்தில் உடைகிறது. அதைப் பார்த்து அந்தப் பிள்ளை என்ன படிக்கும்? கணினிக்குத் தமிழ் சரிவராது என்று படிக்கும். நாங்கள் வாயால் சொல்லாத அந்தப் பொய்யை எங்கள் எழுத்துரு சொல்லிக்கொடுக்கிறது.

எங்கள் தாய்மொழி தமிழ். அதைக் கணினிக்குள் தமிழாகவே வைப்பது எங்கள் கடமை. அடுத்த தவணை வினாத்தாளை, இன்ஷா அல்லாஹ், யுனிகோட்டில் அடிப்போம். அதற்குப் பிறகு பிள்ளையிடம் விசை கேட்போம்.